புத்தகப் பையும் பிள்ளைகளின் மூச்சும்

பள்ளிப் பிள்ளைகளின் புத்தகப் பாரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் முதுகெலும்பைப் பற்றியே பேசுகிறார்கள். கூன் விழும், தோள் சரியும், இடுப்பு நோகும் என்று அவர்கள் சொல்வதெல்லாம் மெய்யே. மலேசியாவில் கோலசிலாங்கூரிலிருந்து பத்தாங் பெர்ஜுந்தை வழியாக உலு சிலாங்கூர் எல்லை வரையில் பரந்து கிடக்கும் தோட்டங்களின் தமிழ்ப் பள்ளிகளில் உபாத்தியாயராக வாழ்நாளைக் கழித்த எனக்கோ, அந்தப் பாரத்தின் தீங்கு முதன்முதலில் காது வழியாகத்தான் தெரிய வந்தது.

காலையில் முதற்பாடமாகத் தமிழை வைத்து, பிள்ளைகளை ஒருவர் பின் ஒருவராக எழுந்து வாய்விட்டுப் படிக்கச் செய்வது என் வழக்கம். தமிழ் வாக்கியத்தில் பயனிலை கடைசியில் வருவதால், பொருள் தோன்றப் படிக்க வேண்டுமானால் தொடக்கத்திலேயே நெஞ்சில் சிறிது காற்றைச் சேமித்துக்கொள்ள வேண்டும். அந்தச் சேமிப்பு இல்லாத பிள்ளை எழுவாயைச் சொல்லி நிற்கும், மூச்சு வாங்கும், இரண்டு சொல்லைச் சொல்லி மறுபடியும் நிற்கும், பயனிலைக்கு வந்து சேர்வதற்குள் குரல் இறங்கி முணுமுணுப்பாகிவிடும். இதே பிள்ளைகள் இடைவேளைக்குப் பின் அதே பக்கத்தை இடையறாமல் படிப்பதைப் பல தடவை கேட்ட பிறகு எனக்கு யோசனை பிறந்தது. பசியோ என்று பார்த்தால், காலை ஆகாரம் உண்டு வந்தவர்களிடமும் அந்தத் திணறல் இருந்தது. தூரமோ என்று பார்த்தால், பரீட்சை முடிந்து, பையைச் சுமக்காமல் கேரம் பலகையோடும் தாயக்கட்டையோடும் வரும் நாட்களில், அதே தூரம் நடந்து வந்தவர்கள் தங்குதடையின்றிப் படித்தார்கள். காலைச் சபையில் தேவாரம் பாடும்போதும் இப்படித்தான்; பக்கத்து லயத்துப் பிள்ளைகள் நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டிப் பாட, செம்மண் சாலையில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் பாதி அடியிலேயே வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். அது பக்தியின் குறைவன்று என்பதை அறிந்துகொள்ள எனக்குப் பெரிய வைத்திய சாஸ்திரம் எதுவும் தேவைப்படவில்லை.

ஏனென்றால் பாரம் சுமக்கிறவர்களின் மூச்சை நான் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவன். இந்த வட்டாரத்தில் தென்னமரம் தோட்டத்தில் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917ஆம் ஆண்டில் வர்த்தக முறையில் செம்பனையை நட்டு, இந்நாட்டின் செம்பனைத் தொழிலுக்கு அடிகோலினார் என்று சரித்திரம் சொல்கிறது. ஆயினும் என் பால்யத்தில் எங்கள் பக்கமெல்லாம் கித்தா என்னும் ரப்பர்க் காடுதான் மிகுதி. விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு நிரைக்குப் போகும் என் தாயார், மரத்துக்கு மரம் மங்கிலிருந்து சேர்த்த பாலை இரண்டு வாளிகளில் நிரப்பி, காண்டாக் கம்பின் இரு முனையிலும் தொங்கவிட்டு, அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு மேட்டிலும் பள்ளத்திலும் பால் ஸ்டோருக்கு நடந்து வருவார். பள்ளி இல்லாத நாட்களில் நான் கூடவே ஓடுவேன். வழியில் என்ன கேட்டாலும் அவர் பதில் சொல்ல மாட்டார். அடிக்கு ஓர் ஊதல், அடிக்கு ஓர் ஊதல் என்று உதட்டைக் குவித்து வெளியே விடும் காற்றின் ஓசைதான் கேட்கும். ஸ்டோரில் வாளிகளை இறக்கி, கம்பைச் சுவரில் சாத்தி, இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி ஒரு நீண்ட பெருமூச்சு விட்டு, அதன் பிறகே, “என்னடா கேட்ட?” என்பார். கோபமென்று அந்த மௌனத்தை நான் ஒருபோதும் நினைத்ததில்லை. பேசுவதற்கு வேண்டிய காற்று அவரிடம் மிச்சமில்லை என்பது எனக்கு எப்படியோ விளங்கியிருந்தது.

எங்களுடைய பையோ அக்காலத்தில் பை என்று சொல்லத் தக்கதாகவே இல்லை. 10 பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் ஒரு பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்ததன் பயனாக எழுந்த தகரக் கூரைக் கொட்டகைகளில் ஒன்று எங்கள் வித்தியாசாலை; அங்கே எங்கள் சம்பத்து ஒரு சிலேட்டு, ஒரு பலப்பம், ஒரு வாசகப் புத்தகம். கோதுமை மாவுச் சாக்கில் தைத்த பை போய், பிறகு ரோத்தான் கூடை வந்தபோது அதை ஆட்டிக்கொண்டே ஓடினோம். அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கிப் பேசுவது என் நோக்கமன்று. சிலேட்டோடு படித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆறாம் வகுப்போடு அதே கித்தா மரத்தடிக்குத் திரும்பிப் போனார்கள். புத்தகங்கள் வந்தது நன்மைக்கே. 1975இல் பாடநூல் இரவல் திட்டம் தொடங்கியபோது, ஏழைத் தகப்பன்மார் தம் பிள்ளைகளின் கையில் புதிய நூல்களைக் கண்டு பூரித்ததை நேரில் கண்டவன் நான். 2008 முதல் வருமானம் பாராமல் எல்லாருக்கும் அது கிடைத்ததையும் வரவேற்றவன். ஆனால் 1983இல் புதிய ஆரம்பப் பள்ளிப் பாடத்திட்டம் வந்து, 1988இல் ஆரம்பப் பள்ளியின் முடிவில் எழுதும் யூ.பி.எஸ்.ஆர். பரீட்சை ஏற்பட்ட பின்னர், பாடநூல் ஒன்றுக்குப் பயிற்சி நூல்கள் இரண்டும் மூன்றுமாகப் பெருகின. தமிழ், மலாய், ஆங்கிலம் என்று மூன்று பாஷைகளைப் படிக்கும் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைக்கு, இந்தப் பெருக்கம் மும்மடங்கு.

இதே காலத்தில் தோட்டங்களும் சிதறின. மேரி, நைஜல் கார்டனர், மின்யாக், புக்கிட் தாகார், சுங்கை திங்கி என்று பெயர் சொல்லி வாழ்ந்த இடங்கள் கைமாறி, சனங்கள் பெயர்ந்து போக, லயத்துக்கு எதிரே இருந்த பள்ளி பலருக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. வேன் நிற்கும் சந்திப்பு வரையில் நடை, அல்லது தகப்பனாரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, பையின் கனம் பின்னுக்கு இழுக்க, விழுந்துவிடாதபடி அவர் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு பிரயாணம். சக்கரம் வைத்த பையை வாங்கிக் கொடுத்தவர்களும் உண்டு. மழை பெய்த செம்மண் சாலையில் அதன் சக்கரம் சேற்றில் சிக்கிச் சுழல மறுக்க, கடைசியில் அதையும் முதுகில் ஏற்றிக்கொண்டு வருவதைத்தான் பார்த்தேன். வெறும் பையின் எடையே அதில் அதிகம்.

இரண்டாம் ஆண்டு வகுப்பில் படித்த ஒரு சிறுமியை நான் நன்றாகக் கவனித்தேன். மெலிந்த தேகம். பள்ளியின் வாசற்படியில் கால் வைக்கும்போது அவள் தலை முன்னே நீண்டிருக்கும். இரண்டு கட்டை விரல்களும் தோள் வார்களுக்குள் நுழைந்து அவற்றை மார்பிலிருந்து விலக்கிப் பிடித்திருக்கும். அப்படிப் பிடிக்க யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. மூச்சுக்கு இடம் தேடி அவள் சரீரமே கற்றுக்கொண்ட உபாயம் அது. வாய் திறந்திருக்கும். கழுத்தின் இரு பக்கத்து நரம்புகளும் புடைத்து, காறை எலும்புக்கு மேலே உள்ள குழி ஒவ்வொரு சுவாசத்துக்கும் உள்வாங்கும். அவளைக் கொண்டுவந்து விடும் பாட்டி ஒருநாள் என்னிடம் முறையிட்டார்.

“வழியில எதக் கேட்டாலும் பதிலே சொல்ல மாட்டேங்குறா, வாத்தியாரையா. வீட்டுல வாய் ஓயாது. அவ அப்பன் திமிருன்னு திட்டுறான்.”

“பைய யாரு பாட்டி அடுக்கித் தர்றது?”

“நாந்தான் அடுக்குறேன். எனக்கு எழுத்தா தெரியும்? ஒண்ணு கொறஞ்சா நீங்க வெளிய நிக்க வெப்பீங்கன்னு அழுவுறா. அதான் இருக்கிறது அத்தனையும் வெச்சிடுறேன்.”

அன்று மத்தியானம் அந்தப் பையை எடுத்துக்கொண்டு போய், பக்கத்து மளிகைக் கடையில் அரிசி நிறுக்கும் தராசில் வைத்தேன். முள் ஐந்து கிலோவைத் தாண்டி நின்றது. அந்தச் சிறுமியின் சுகாதார அட்டையில் எழுதியிருந்த எடை 20 கிலோவுக்கும் குறைவு. கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் தராசையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் அக்காலத்தில் இருந்த டிரசர், பட்டம் பெற்ற வைத்தியர் அல்லர் என்றாலும், தேக தத்துவத்தை விளங்கச் சொல்வதில் வல்லவர். அந்தச் சிறுமியை வரவழைத்து, பையை மாட்டச் செய்து, என் உள்ளங்கையை அவள் விலாவின் மேல் வைக்கச் சொன்னார். பையில்லாதபோது வாளியின் பிடி உயர்வதுபோல வெளிப்புறமாக எழுந்த விலா எலும்புகள், பை ஏறியதும் என் கையை அரைகுறையாகத் தொட்டுவிட்டுத் திரும்பிவிட்டன. “பாரம் பின்னுக்கு இழுக்கிறது, விழாமல் இருக்கப் பிள்ளை முன்னுக்கு வளைகிறாள். வளைந்தால் வயிற்றில் உள்ளவை மேலே நெருக்கும்; உதரவிதானம் கீழே இறங்க இடமில்லை. தோள் வார் மார்பின் மேல்பாகத்தைக் கட்டிவிட்டது. ஆகவே பெரிய மூச்சுக்குப் பதிலாகச் சின்னச் சின்ன மூச்சாகப் பலமுறை இழுக்கிறாள்,” என்றார்.

சின்ன மூச்சுப் பலவும் பெரிய மூச்சுச் சிலவும் சமம்தானே என்று எண்ணத் தோன்றும். சமமல்ல என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 20 கிலோ எடையுள்ள பிள்ளை அமைதியாக இருக்கும்போது ஒரு தடவை இழுக்கும் காற்று ஏறத்தாழ 140 மில்லிலிட்டர். அதில் 40 மில்லிலிட்டர் அளவு தொண்டையிலும் மூச்சுக்குழாயிலுமே தங்கி, இரத்தத்தோடு கலக்காமல் வீணே திரும்பிவிடும், மிஞ்சுவது 100. நெருக்கத்தினால் மூச்சு 100 மில்லிலிட்டராகச் சுருங்கினால், வீணாகும் 40 அப்படியே இருக்க, பயன்படுவது 60 மட்டுமே. நிமிஷத்துக்கு 20 தடவை சுவாசித்த பிள்ளை அதே பிராணவாயுவைப் பெற 33 தடவை சுவாசிக்க வேண்டும். அதுவும் நடக்காமல் நிற்கும்போது. நடக்கும் தேகத்துக்கோ இன்னும் அதிகம் வேண்டும். பயனில்லாத காற்றை உள்ளும் வெளியும் இழுத்துத் தள்ளுவதிலேயே பிள்ளையின் சக்தி செலவாகிறது என்பதைத்தான் இந்தக் கணக்கு காட்டுகிறது.

நான் காதால் கேட்டதை ஆராய்ச்சியாளர்கள் கருவியால் அளந்திருக்கிறார்கள் என்பதைப் பின்னர் அறிந்தேன். ஹாங்காங்கில் ஒன்பது வயதை ஒட்டிய ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, அவர்கள் உடல் எடையில் 10, 20, 30 விழுக்காடு கனமுள்ள பைகளை மாட்டி நுரையீரலின் கொள்ளளவை அளந்த ஆய்வொன்று 2001இல் வெளியாயிற்று. பாரம் மிகும்போது ஊதி வெளிவிடும் காற்றின் அளவு குறைந்தது. அதைவிட என்னைச் சிந்திக்கச் செய்தது, பையே இல்லாமல் முதுகைக் கூனிக்கொண்டு நின்றபோதும் அது குறைந்தது என்பதே. கனம் பாதி, கூனல் பாதி என்றாகிறது. நியூசிலாந்தில் பெரியவர்களை வைத்துச் செய்து 2004இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வோ, அதே கனமுள்ள பையின் வார்களை இறுக்கிக் கட்டினால் சுவாசம் மேலும் குறுகுவதைக் காட்டிற்று. அந்தச் சிறுமியின் கட்டை விரல்கள் அதை அவ்வாராய்ச்சிக்கு முன்னரே அறிந்திருந்தன. இவ்வாய்வுகள் அளந்தது பை உடலில் இருந்த நேரத்துச் சுவாசத்தை. நுரையீரல் நிரந்தரமாகக் கெடும் என்று அவற்றிலிருந்து நான் வாதிக்கப் போவதில்லை. பாடம் தொடங்கும் வேளையில் களைத்துப் போன ஒரு பிள்ளையைச் சோம்பேறியென்றும் மந்தமென்றும் பெயரிட்டு உட்கார வைக்கிறோமே, அந்த அநியாயம் ஒன்றே எனக்குப் போதுமான காரணம்.

சொல்லிச் சொல்லி அலுத்த இந்தச் சங்கதியைப் பெற்றோர் காதுகொடுத்துக் கேட்கும் காலம் ஒரு துன்பத்தின் வாயிலாக வந்தது. 2005ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் சுமாத்திராவிலிருந்து வந்த புகைமூட்டம் கோலசிலாங்கூரைக் கவிந்து, காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐக் கடக்க, 11ஆம் தேதி இங்கும் கிள்ளான் துறைமுகத்திலும் அவசரநிலை பிரகடனம் செய்தார்கள். பள்ளிகள் மூடப்பட்டன. மெலாவத்தி குன்றின் கலங்கரை விளக்கம் கீழேயிருந்து பார்க்கத் தெரியவில்லை. செம்பனைக் காட்டில் குலை வெட்டும் பலசாலிகள் கூட நாலு மரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்தார்கள். மீண்டும் பள்ளி திறந்தபோது பிள்ளைகள் முகத்தில் துணிக்கவசமும் முதுகில் அதே பையுமாக வந்தார்கள். இழுப்பு நோயுள்ள ஒரு பையனின் தாயார் அன்று அவன் பையைத் தாமே வாங்கித் தம் தோளில் மாட்டிக்கொண்டு வகுப்பு வரையில் நடந்து வந்தார். வந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சற்று நின்று, “இதையா ஐயா இவன் தினமும் தூக்குறான்?” என்று கேட்டார். அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் முதலில் எழுந்து பேசியவர் அவரே.

அக்கூட்டத்தில் நான் தாய்நாட்டுச் செய்திகளையும் சொன்னேன். சென்னையில் பிறந்த நாவலாசிரியர் ஆர்.கே. நாராயண் ராஜ்யசபையின் நியமன அங்கத்தினராக இருந்தபோது, 1989இல் தமது கன்னிப் பேச்சைக் குழந்தைகளின் புத்தகச் சுமைக்கென்றே ஒதுக்கினார். அதன் தொடர்ச்சியாக விஞ்ஞானி யஷ்பால் தலைமையில் ஒரு குழு அமைந்து, சுமையின்றிக் கற்பதைப் பற்றி 1993இல் அறிக்கை தந்தது. எனக்குப் பின்னாளில் மிகவும் உவப்பாயிருந்தது, தமிழ்நாடு 2012இல் மேற்கொண்ட முப்பருவ முறை. வருஷம் முழுவதுக்குமான நூலை மூன்று பகுதிகளாக்கினால், அடுக்குகிற பாட்டிக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் பாரம் தானே குறைந்துவிடும். 2018இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். கிருபாகரன் முதல் இரண்டு வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாதென்று தீர்ப்பளித்ததும், 2020இல் இந்திய அரசு பையின் கனம் உடல் எடையில் 10 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது என்று வகுத்ததும் அதே வழியில் வந்தவை.

ஆனால் கூட்டத்தை அசைத்தது நான் சொன்ன பெயர்களும் ஆண்டுகளும் அல்ல. கடைசி வரிசையில் இருந்த ஒரு தகப்பனார் எழுந்தார். “ஐயா, நான் குலை ஏத்துற லாரி ஓட்டுறேன். வெறும் வண்டி எவ்வளவு, பாரத்தோட எவ்வளவுன்னு கதவுலேயே எழுதிப் போட்டிருக்கு. கூட ஏத்துனா ஜே.பி.ஜே. புடிச்சு சமன் குடுத்துருவான். நம்ம புள்ளைங்களுக்கு எவ்வளவுன்னு யாரும் எழுதலியே?” என்றார். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பிறகு வேலை விறுவிறுப்பாக நடந்தது. தச்சு வேலை தெரிந்த பெற்றோர் இருவர் கித்தாப் பலகையில் வகுப்புக்கு ஓர் அலமாரி செய்து கொடுத்தார்கள். பயிற்சி நூல்கள் பள்ளியிலேயே தங்கின. கால அட்டவணையை எழுத்தறியாதவர்களும் புரிந்துகொள்ளும்படி, கிழமைக்கு ஒரு வர்ணம், புத்தக முதுகில் அதே வர்ணத்தில் ஒரு பட்டை என்று அமைத்தோம். திங்கட்கிழமைக்குச் சிவப்பு. பாட்டிமார் சிவப்புப் பட்டையுள்ள நூல்களை மட்டும் எடுத்து வைத்தார்கள்; பாடமில்லாத நூல் ஒன்று கூடப் பைக்குள் வருவது அரிதாயிற்று. முன்பு வழியில் வாய்திறவாத அந்தச் சிறுமி, இதற்குள் மேல்வகுப்புக்குப் போயிருந்தாள். தம்பிக்குப் பை அடுக்குகிற பொறுப்பு அவளுடையதாயிற்று.

யூ.பி.எஸ்.ஆர். பரீட்சை 2021இல் ஒழிந்தது. 2022இல் கல்வி அமைச்சு, பிள்ளைகள் நூல்களைப் பள்ளியில் வைத்துச் செல்ல இடவசதி செய்வது முதலிய ஏற்பாடுகளை அறிவித்தது. இவை நல்லவை, சிறு பள்ளிகளில் அலமாரிக்கு இடமும் பணமும் இருக்க வேண்டும் என்பதே என் கவலை. இவற்றோடு, எவருடைய உத்தரவுக்கும் காத்திராமல் செய்யத்தக்க காரியம் ஒன்று உண்டு. பள்ளிகளில் பிள்ளைகளின் உயரமும் எடையும் எடுக்கும் நாள் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அன்றைய தினமே, அதே தராசில், பிள்ளை இறங்கியதும் அவன் பையையும் வைத்துப் பார்த்து, இரண்டு எண்களையும் அட்டையில் எழுதலாம். ஒரே பை ஒருவனுக்குத் தகுந்ததாயும் பக்கத்தில் நிற்கும் மெலிந்தவனுக்குத் தகாததாயும் இருக்கும் என்பதால், பள்ளிக்குப் பொதுவாக ஒரு கிலோக் கணக்கை வைப்பதைவிட, பிள்ளைக்குப் பிள்ளை எழுதுவதே நியாயம். 18 கிலோப் பிள்ளைக்கு 1.8 கிலோ என்று எழுதிய அட்டையைப் பையின் உட்புறத்தில் தைத்துவிட்டால், அடுக்குகிறவர் கண்ணில் தினமும் படும். இவ்வருஷம் கோலசிலாங்கூர் வட்டாரத்துப் பள்ளிச் சங்கத்தார் சிலரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். ஒரு பள்ளிக்குத் தராசு வாங்கித் தர ஒருவர் இசைந்திருக்கிறார், அட்டைகளை எழுதிக் கொடுக்க நான் இசைந்திருக்கிறேன்.